உப்பிட்ட சாலைகள்

மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றின் மதியம். நான்கு மாதப் பனிக்குப் பிறகு வெயில் ஒருவழியாக எட்டிப் பார்த்திருந்தது. வீட்டு வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தபோது, பின்சக்கரத்தின் மேல்வளைவில், வண்ணப்பூச்சுக்கு அடியில், மிளகு அளவில் ஒரு கொப்புளத்தைக் கண்டேன். நகத்தால் சுரண்டினேன். பூச்சு பொரிந்து உதிர்ந்தது. உள்ளே செம்பழுப்பு நிறத்தில் ஈரப்பொடி. மிளகென்று நினைத்த இடம், சுரண்டி முடித்தபோது ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்கு விரிந்திருந்தது.

தூத்துக்குடிப் பக்கம் வளர்ந்தவனுக்குத் துரு புதிதல்ல. ஜன்னல் கம்பி, மிதிவண்டிச் சங்கிலி, கதவுக் கீல் என்று எதையும் அது விட்டுவைத்ததில்லை. அங்கே உப்பு கடற்காற்றில் வரும்; யாரையும் கேட்டு வருவதில்லை. ஆனால் நான் இப்போது வாழும் மிச்சிகன் மாநிலத்துக்கு அருகில் கடலே கிடையாது. சுற்றியிருப்பவை நன்னீர் ஏரிகள். இங்கே உப்பைப் பூமிக்கு அடியிலிருந்து தோண்டி எடுத்து, லாரிகளில் ஏற்றி, சாலையில் கைநிறைய இறைப்பவர்கள் மனிதர்கள்தாம். என் காரில் முளைத்த கொப்புளம் இயற்கையின் வேலையன்று. எப்போதோ, யாரோ கூடி எடுத்த ஒரு முடிவின் விளைவு. அந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது, அதன் விலையை யார் யார் செலுத்துகிறார்கள் என்று தேடிப் போனதன் பதிவே இக்கட்டுரை.

*

முதலில் துருவைப் பற்றிச் சிறிது. இரும்பு தானாகத் துருப்பிடிப்பதில்லை. நீரும் ஆக்சிஜனும் சேர்ந்தாக வேண்டும். ஈரம் பட்ட தகட்டில் ஓரிடத்து இரும்பு எலக்ட்ரான்களை இழந்து கரைகிறது. இன்னோர் இடத்தில் ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. உண்மையில் அது ஒரு சிறிய மின்கலம். நல்ல நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தாது என்பதால் இந்த மின்கலம் மந்தமாகவே இயங்கும். உப்பு கலந்தவுடன் அதன் வேகம் கூடிவிடுகிறது. உப்பிலுள்ள குளோரைடு, உலோகத்தின் மேல் தானாகப் படியும் மெல்லிய காப்புப் படலத்தையும் குலைத்துவிடுகிறது. உருவான துரு, தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். பூச்சு கொப்புளமாக எழும்புவது அதனால்தான். கொப்புளம் நம் கண்ணில் படும்போது, உள்ளே வேலை வெகுவாக முன்னேறியிருக்கும்.

பனியை உருக்கவும் இதே உப்புதான் தேவைப்படுகிறது. உப்பு கலந்த நீர் பூஜ்ஜியத்தில் உறைவதில்லை. போதிய உப்பிருந்தால் உறைநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே 21 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். நடைமுறையில், பூஜ்ஜியத்துக்குக் கீழே பத்து டிகிரியை நெருங்கும்போதே சாதாரண உப்பின் வேகம் குன்றிவிடும். அப்போது கால்சியம் குளோரைடையும் மக்னீசியம் குளோரைடையும் துணைக்கு அழைக்கிறார்கள். இவ்விரண்டும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையவை. சாலை உலர்ந்த பிறகும் காரின் அடித்தகட்டில் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்பவை. சாலைக்கு எது நன்மையோ அதுவே இரும்புக்குக் கேடாகிறது.

*

சாலையில் பனி இருக்கக் கூடாது என்பதே ஒப்பீட்டளவில் புதிய எண்ணம் என்று அறிந்தபோது வியப்பாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் பனிதான் நல்ல சாலை. குதிரைகள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டிகளுக்குச் சேறும் கல்லும் இடைஞ்சல். இறுகிய பனி வரம். ஆகவே பனியை அள்ளி எறியாமல், பெரிய மர உருளைகளை ஓட்டி அதை அழுத்தி இறுக்கினார்கள். கூரை வேய்ந்த மரப்பாலங்களுக்குள் பனி விழாது. சறுக்கு வண்டி தடையின்றிக் கடக்க, வெளியிலிருந்து பனியை அள்ளிவந்து பாலத்துக்குள் பரப்பக் கூலிக்கு ஆள் வைத்திருந்தார்கள். நகரங்களில் உப்புத் தூவும் வழக்கம் எட்டிப் பார்த்தபோது எதிர்ப்பு எழுந்தது. சறுக்கு வண்டிப் பாதை கெடுகிறது, குதிரைகளின் குளம்பு புண்ணாகிறது, காலணியும் துணியும் பாழாகின்றன என்றார்கள்.

கார் வந்த பிறகு நிலைமை தலைகீழானது. ரப்பர்ச் சக்கரத்துக்கு இறுகிய பனி எமன். 1938இல் நியூ ஹாம்ப்ஷையர் மாநிலம் நெடுஞ்சாலையில் உப்பைச் சோதித்துப் பார்த்தது. 1941-42 குளிர்காலத்தில் அமெரிக்க நெடுஞ்சாலைகள் அனைத்திலும் சேர்த்து இறைக்கப்பட்ட உப்பு ஏறத்தாழ 5,000 டன் மட்டுமே. போர் முடிந்தது, புறநகர்கள் பெருகின, வேலைக்குச் செல்பவர்கள் தினமும் பல மைல் ஓட்ட வேண்டியிருந்தது. 1956இல் மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைத் திட்டத்துக்குச் சட்டம் இயற்றப்பட்டது. பனி எவ்வளவு பெய்தாலும் சில மணி நேரத்தில் சாலையின் கருந்தரை தெரிந்தாக வேண்டும் என்பது நிர்வாகங்களின் கொள்கையாயிற்று. 1955இல் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் அளவில் இருந்த சாலை உப்பு, 1970இல் ஒரு கோடி டன்னை நெருங்கியது. பதினைந்தே ஆண்டுகளில் பத்து மடங்கு. இன்று அதுவும் இரட்டிப்பாகிவிட்டது.

இந்தக் கொள்கையை எள்ளி நகையாடுவது எளிது, நியாயமாகாது. உப்பிடப்படாத சாலையில், கண்ணுக்குத் தெரியாத பனிக்கண்ணாடி மீது ஒருமுறை சக்கரம் வழுக்கியவருக்கு அது புரியும். ஆம்புலன்ஸ் உரிய நேரத்தில் வந்துசேர்வதும், பள்ளிப் பேருந்து பள்ளத்தில் கவிழாதிருப்பதும் பல காலைகளில் அந்த உப்பினால்தான். உப்பு உயிர் காக்கிறது என்பதில் ஐயமில்லை. கேள்வி அதன் விலையைப் பற்றியது.

*

இந்த வரலாற்றில் ஒரு விசித்திரப் பொருத்தம் உண்டு. அமெரிக்கக் கார் தொழிலின் தலைநகரமான டெட்ராய்ட், உப்புப் படுகையின் மீது அமர்ந்திருக்கிறது. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்நிலத்தை ஓர் ஆழமற்ற கடல் மூடியிருந்தது. அது வற்றி வற்றிப் படிந்த உப்பு, பின்னர் மண்ணாலும் பாறையாலும் மூடப்பட்டுக் கிடக்கிறது. 1906இல் இங்கே சுரங்கத்துக்குக் குழி இறக்கத் தொடங்கி 1910இல் முடித்தார்கள். ஏறத்தாழ 1,200 அடி ஆழத்தில், 1,500 ஏக்கர் பரப்பில், தூண்களை விட்டுவிட்டுக் குடைந்த வெண்ணிற வீதிகள். கீழே ஓட வேண்டிய லாரிகளையும் எந்திரங்களையும் துண்டுதுண்டாகப் பிரித்து இறக்கி, அடியில் மறுபடியும் பூட்டினார்கள். தொடக்கத்தில் தோல் பதனிடவும் உணவுத் தொழிலுக்கும் போன உப்பு, பின்னாளில் சாலைக்கென்றே வெட்டப்பட்டது. 1983இல் மூடப்பட்ட அச்சுரங்கம் 1990களின் பிற்பகுதியில் மீண்டும் திறக்கப்பட்டு இயங்கிவருகிறது.

மேலே காரைச் செய்கிறார்கள். நேர் கீழே அக்காரைத் தின்னும் உப்பைத் தோண்டுகிறார்கள். எல்லையைத் தாண்டினால் கனடாவின் கோடரிச் என்னும் சிற்றூர். 1866இல் எண்ணெய் தேடித் துளையிட்டவர்களுக்கு அங்கே உப்பு கிடைத்தது. 1959இல் திறக்கப்பட்டு, ஹ்யூரான் ஏரியின் அடியில் நீளும் அந்தச் சுரங்கத்தை உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் என்கிறார்கள்.

*

1950களிலும் 60களிலும் இப்பகுதிகளில் கார் வாங்கியவர்கள், நான்கைந்து குளிர்காலத்தில் தகடு ஓட்டையாவதை விதியென்று ஏற்றிருந்தார்கள். துருக்காப்பை விற்பதே தனித் தொழிலாயிற்று. ஜெர்மனியில் பிறந்த கர்ட் சீபார்ட் என்ற மெக்கானிக்கின் பெயர் தாங்கிய நிறுவனம் 1959இல் டெட்ராய்டில் தொடங்கியது. புதுக் காரில் துளையிட்டு, உள்ளறைகளில் காப்புப் பசையைப் பீய்ச்சும் முறை அது. கார் செய்யும் நகரத்திலேயே, செய்த காரைக் காப்பாற்ற இன்னொரு கடை!

பொறுமை எல்லை மீறியது 1970களில். ஷெவர்லே வேகா என்னும் சிறிய கார் 1970 செப்டம்பரில் ஒஹையோ மாநிலத்தின் லார்ட்ஸ்டவுனில் இருந்து வெளிவந்தது. மோட்டார் ட்ரெண்ட் இதழ் அதை 1971ஆம் ஆண்டின் சிறந்த கார் எனத் தேர்ந்தெடுத்தது. துருவைத் தடுக்க அதன் உடலை மின்னூட்டிய பூச்சுத் தொட்டிக்குள் முழுதாக முக்கி எடுத்தார்கள். ஆனால் முன்சக்கர மூடியின் உச்சியில், தொட்டிக்குள் இறங்கும்போதே ஒரு காற்றுக்குமிழி சிக்கிக்கொண்டது. பூச்சு அங்கே ஏறவில்லை. மிகச் சரியாக அந்த இடத்திலேயே சக்கரம் வாரியடிக்கும் உப்புச்சேறும் தங்கியது. ஆயிரமாயிரம் கார்களின் முன்மூடிகளை நிறுவனம் தன் செலவில் மாற்றித்தர வேண்டிவந்தது. பிற்பாடு உட்புறம் பிளாஸ்டிக் உறை பொருத்தப்பட்டது. ஒரு குமிழி அளவு வெற்றிடம் போதும், துரு குடியேற.

கனடாவில் ஃபில் எட்மன்ஸ்டன் என்பவர் 1960களின் இறுதியில் கார் வாங்கியோர் சங்கம் ஒன்றை மான்ட்ரியாலில் தொடங்கித் துருப்பிடித்த கார்களின் உரிமையாளர்களைத் திரட்டினார். 1970களின் பிற்பகுதியில் கனடிய அரசு துருத்தடுப்புக்கென ஒரு நெறிமுறையை வகுத்தது. மேற்பரப்பில் துரு தோன்றலாகாத காலம், தகடு ஓட்டையாகலாகாத காலம், கட்டமைப்பு தளரலாகாத காலம் என மூன்று படிகள். அடுத்து வந்த ஆண்டுகளில் நோர்டிக் நாடுகளும் இதேபோல் கேட்கத் தொடங்கின.

கேட்டவுடன் கிடைத்துவிட்டது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. ஏனெனில், அறிவு ஏற்கெனவே இருந்தது. 1824இல் ஹம்ப்ரி டேவி, பிரித்தானியக் கப்பல்களின் செப்புத்தகட்டோடு துத்தநாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ இணைத்தால், செம்புக்குப் பதிலாக அத்துண்டு அரிந்து கரையும் என்று காட்டியிருந்தார். (செம்பு கரையாததால் அதன் நஞ்சும் நின்றுபோய், கப்பலின் அடியில் சிப்பியும் பாசியும் தடையின்றி வளர்ந்தன, கப்பல்கள் வேகம் இழந்தன, கடற்படை அம்முறையைக் கைவிட்டது. ஒன்றைக் காத்தால் இன்னொன்று சுமையாகும் என்பதற்கு அதுவும் சாட்சி.) 1837இல் இரும்புக்குத் துத்தநாகப் பூச்சிடும் முறைக்குப் பிரான்சில் சோரெல் காப்புரிமை பெற்றார். அடுத்தவருக்காகத் தான் கரைவது துத்தநாகத்தின் குணம். நூற்றைம்பது ஆண்டுகளாகத் தெரிந்திருந்த அந்தக் குணம் கார்களின் உடல்தகட்டுக்கு மெல்லத்தான் வந்தது. போர்ஷ 911 கார்கள் 1970களின் நடுவிலும், ஆடி 80 கார்கள் 1986இலும் முழுமையான துத்தநாகப் பூச்சைப் பெற்றன. மின்பூச்சு முறையும் 1970களில் திருத்தமடைந்தது. 1990களுக்குள் பெரும்பாலான நிறுவனங்கள் இப்பாதைக்கு வந்துவிட்டன. தடையாக இருந்தது வேதியியல் அன்று, விலை. கேட்க ஆளில்லாத வரை அந்த விலையை வாங்கியவனே செலுத்தினான்.

*

அப்படியானால் என் காரில் ஏன் கொப்புளம்? கூழாங்கல் ஒன்று தெறித்துப் பூச்சை உடைத்திருக்கும். துத்தநாகம் சிறிது காலம் தன்னைக் கொடுத்துத் தகட்டைக் காத்திருக்கும். பிறகு அதுவும் தீர்ந்திருக்கும்.

ஆரம்பநிலைத் துருவுக்குச் செய்ய வேண்டியது அதிகமில்லை; தள்ளிப்போடக் கூடாது, அவ்வளவே. துருவின் மேலேயே வண்ணம் அடிப்பது புண்ணை மூடிக் கட்டுவதைப் போன்றது. குழிக்குள் தங்கிய குளோரைடு உள்ளிருந்தே தொடரும். கண்ணுக்குத் தெரியும் துருவைத் தாண்டி, நல்ல பூச்சு தொடங்கும் இடம் வரை தேய்த்து, வெள்ளை உலோகம் தெரிய வேண்டும். நல்ல நீரில் கழுவி நன்றாக உலர்த்த வேண்டும். எட்ட முடியாத நுண்குழிகளுக்குத் துருமாற்றி எனப்படும் திரவம் உண்டு. அதில் பெரும்பாலும் இருப்பது டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ. டானிக் அமிலம் துருவோடு வினைபுரிந்து கருநீலப் படலமாகிறது. படித்தவுடன் ஊர் நினைவு வந்தது. கடுக்காய்த் துவர்ப்பையும் அன்னபேதியையும் சேர்த்து நம்மவர்கள் காய்ச்சிய எழுதுமையும் இதே வினைதான். அதன் பின் எபாக்சி அடிப்பூச்சு, வண்ணம், மேலே நிறமற்ற காப்புப் பூச்சு. தகடு ஓட்டையாகியிருந்தாலோ, அடிச்சட்டமோ பிரேக் குழாயோ அரிக்கப்பட்டிருந்தாலோ அது வீட்டு வாசலில் தீரும் வேலையல்ல. பட்டறைக்குப் போயாக வேண்டும்.

வராமல் காப்பது இன்னும் எளிது. குளிர்காலம் நெடுக, உறைபனி சற்றே விலகும் நாள்களில் காரின் அடிப்பகுதியைக் கழுவுவது. கதவின் அடியிலுள்ள வடிதுளைகள் அடைபடாமல் பார்ப்பது. இலையுதிர்காலத்தில் உள்ளறைகளுக்கு எண்ணெய்க் காப்புத் தெளிப்பது. வெப்பமூட்டிய கொட்டகையில் காரை நிறுத்தினால் அதற்கு நல்லது செய்கிறோம் என்று நினைக்கிறோம். உப்புப்பனி உருகி, இதமான சூட்டில் துருவின் வேலை விரைவதே மிச்சம். கடுங்குளிரில் வெளியே நிற்கும் கார் மெதுவாகவே அரிக்கப்படும்.

*

அடிப்பகுதியைப் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சாம்பல்நிற நீர் எங்கே ஓடுகிறது என்று பார்த்தேன். வாசல் சரிவில் இறங்கி, தெருவோர வடிகாலுக்குள். அங்கிருந்து ஓடைக்கு, ஓடையிலிருந்து ஆற்றுக்கு. கரைந்த உப்பு மட்குவதில்லை, ஆவியாவதும் இல்லை. ஒரு தேக்கரண்டி உப்பு 5 காலன் நீரை நிரந்தரமாகக் கெடுக்கப் போதும் என்று மினசோட்டா மாநில மாசுக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கிறது. சாலை உப்பு சுற்றுச்சூழலுக்குத் தீங்கானது என்று 2001இல் கனடிய அரசின் ஆய்வு முடிவு செய்தது. 2005இல் சுஜய் கௌஷலும் அவருடைய சக ஆய்வாளர்களும் வடகிழக்கு அமெரிக்காவின் நன்னீர் ஆண்டுக்கு ஆண்டு உப்பேறி வருவதைத் தரவுகளோடு காட்டினார்கள்.

மிச்சிகனில் இருந்துகொண்டு இதை எழுதுகிறவன் ஃப்ளின்ட் நகரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க இயலாது. ஜெனரல் மோட்டார்ஸ் 1908இல் பிறந்த ஊர் அது. தொழிற்சாலைகள் போனபின் வறுமையில் விழுந்த, கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். 2014 ஏப்ரலில், செலவைக் குறைக்க, ஹ்யூரான் ஏரியிலிருந்து டெட்ராய்ட் வழியாக வந்த குடிநீரை நிறுத்திவிட்டு ஃப்ளின்ட் ஆற்று நீரைக் குழாய்களில் விட்டார்கள். ஆற்று நீரில் குளோரைடு மிகுதி. அதில் சாலை உப்புக்கும் பங்குண்டு. சுத்திகரிப்பில் சேர்த்த இரசாயனமும் அதைக் கூட்டியது. இவற்றைவிடப் பெரிய குற்றம், குழாய் அரிக்காமலிருக்கச் சேர்க்க வேண்டிய காப்புப்பொருளைச் சேர்க்காமல் விட்டது. நீரின் நிறம் மாறிற்று, நாறிற்று. மக்கள் புட்டிகளில் பிடித்துக்கொண்டு போய்க் காட்டினார்கள். நீரில் குறையில்லை என்றே பதில் வந்தது.

அதே ஆண்டு அக்டோபரில், அங்கே எஞ்சியிருந்த எஞ்சின் தொழிற்சாலை, இந்நீர் தன் உலோகப் பாகங்களை அரிக்கிறது என்று கூறி வேறு நீருக்கு மாறிக்கொண்டது. அனுமதி கிடைத்தது. மக்களுக்கு அந்த நீரே தொடர்ந்தது. பழைய ஈயக் குழாய்கள் அரிபட்டு ஈயம் குடிநீரில் கலந்தது. 2015 செப்டம்பரில் மோனா ஹன்னா அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர், நகரக் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதைப் பொதுவில் அறிவித்தார். அக்டோபரில் பழைய நீர் திரும்பியது. எஞ்சினுக்கும் குழந்தைக்கும் இடையே ஓராண்டு.

துருவின் வரலாற்றில் நான் கண்டுகொண்டது இதைத்தான். கார் உரிமையாளர்கள் கேட்டார்கள். பூச்சு வந்தது, துத்தநாகம் வந்தது, உத்தரவாதம் வந்தது. தொழிற்சாலை கேட்டது; நல்ல நீர் வந்தது. துருப்பிடிக்கும் பொருள்களெல்லாம் ஒரே வேகத்தில் துருப்பிடிப்பதில்லை. யாருடைய குரல் கேட்கப்படுகிறதோ அவருடைய பொருள் முதலில் காக்கப்படுகிறது. எதிர்ப்பேச்சு இல்லாத இடமாகத் தேடி உப்பு இறங்கிக்கொண்டே போகிறது: சாலையிலிருந்து தகட்டுக்கு, தகட்டிலிருந்து ஓடைக்கு, ஓடையிலிருந்து ஏழையின் குழாய்க்கு.

இதற்கு விடை உப்பே வேண்டாம் என்பதல்ல. பனி விழுமுன் உப்புநீரைத் தெளித்து, குறைந்த உப்பில் அதே பயனைப் பெறும் முறை உண்டு. சாலையின் வெப்பத்தை அளந்து இடும் அளவைக் குறைக்கும் வண்டிகள் ஓடுகின்றன. இன்னும் எளியது, புயல் நாளில் அவசியமற்ற பயணத்தைத் தவிர்ப்பது. எல்லாச் சாலையும் எல்லா நேரமும் கருந்தரையாகத் தெரிய வேண்டுமென்ற நம் அவசரத்தைச் சற்றுத் தளர்த்தினால், மரப்பாலத்துக்குள் பனி பரப்பிய அந்த முன்னோரை ஓரளவேனும் புரிந்துகொண்டவர்கள் ஆவோம்.

அடுத்த ஞாயிறு கொப்புளத்தைத் தேய்க்க உட்கார்ந்தேன். கையிலிருந்த சொரசொரப்பான காகிதத்தின் தமிழ்ப் பெயர் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உப்புத்தாள். ஊரில் தச்சரின் பட்டறையில் அதை வாங்கிவரச் சொல்லி அனுப்பும்போதெல்லாம், இதில் உப்பு எங்கே இருக்கிறது என்று நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அன்று கிடைக்காத உப்பு இன்று தகட்டிலிருந்து என் விரல்களில் ஏறியிருந்தது. வெள்ளை உலோகம் தெரியும் வரை தேய்த்தேன். கழுவிய நீரை இம்முறை வாளியில் பிடித்தேன். பிடித்த பிறகு அதை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் வெகுநேரம் நின்றிருந்தேன்.